ஒரு மைக்கு மூன்று தாள்

நகராட்சிக் கட்டடத்தின் லிஃப்டை இருபத்திரண்டு வருடமாய் இயக்குகிறவர், அன்று காலை பத்தரை மணிக்கு அதைக் கீழ்த்தளத்தில் நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டுவிட்டு, தன் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பதிவறைக்குள் நுழைந்தார். மேலே மூன்று மாடியிலும் ஆட்கள் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுத்தட்டும். தங்கை அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தொட்டிலில் ஆட்டிய அண்ணனுக்கு அழுகையைவிட அதுதான் பயம்.

"அக்கா, கேஸ் வந்திருக்கு!"

பதிவறைக் காப்பாளரை அந்தக் கட்டடம் முழுக்கப் பொறுமையக்கா என்றுதான் கூப்பிடும். தொலைந்துபோன கட்டட வரைபடத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான்; இரண்டு தடவை இறந்துபோனதாக எழுதப்பட்ட பென்ஷன்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபித்ததும் அவர்தான். எல்லாவற்றையும் நாற்காலியை விட்டு அதிகம் எழாமலே செய்து முடித்தார். ஒவ்வொரு தடவையும் லிஃப்ட்காரர் கூடவே ஓடி, தப்பான ஆளைக் குற்றவாளி என்று முதலில் சொல்லிவிடுவார். அதில் அவருக்கு வெட்கம் ஏதும் கிடையாது.

"உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி. அப்புறம் முதல்லேருந்து சொல்லு," என்றார் அக்கா.

தங்கை கழிவுநீர்ப் பிரிவின் மேற்பார்வையாளர். போன மாதம் அவள் ஆட்களில் ஒருவர் சாக்கடை மூடியைத் தூக்கும்போது அது நழுவி விழுந்தது. நாலு கை பிடிக்க வேண்டிய மூடி. இருந்தது இரண்டே கை. மூன்று விரல் நசுங்கிப் போயிற்று. அன்றைக்கே அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஐந்து வட்டங்களிலும் ஓடுகிற ஒவ்வொரு கால்வாயையும் தன் காலால் நடந்து அளந்து அளவுப் புத்தகத்தில் குறித்தாள். எத்தனை ஆள் இருந்தால் யாருக்கும் அடிபடாமல் வேலை நடக்கும் என்று வட்டவாரியாகப் போட்டுப் பார்த்தாள். பத்துப் பணியாளர்கள், கழிவை உறிஞ்சும் வண்டிக்கு ஓர் ஓட்டுநர். மொத்தம் பதினொன்று. ஒன்று அதிகமும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை.

"பதினொண்ணுன்னு எழுதி, நிதிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி, திங்கட்கிழமை சாயங்காலம் அனுப்புகைப் பிரிவுல குடுத்தேன். இன்னிக்குக் காலையில கத்தரி கூப்பிட்டு அனுப்பினார்."

கத்தரி என்பது நிதிப் பிரிவு அதிகாரி. எந்தத் துறை எத்தனை ஆள் கேட்டாலும் வெட்டுகிறவர் என்பதால் வந்த பெயர்.

"என் மனுவில இருபத்தொண்ணுன்னு இருக்குக்கா! இந்த வருஷம் ஆணையர் மேடம் புது உத்தரவு போட்டு அளவுப் புத்தகத்தை நேரா வாங்கி வெச்சிருக்காங்க. அதுல கணக்குப் போட்டா பதினொண்ணுதான் வருது. நான் பொய் எழுதி ஏமாத்தப் பார்த்தேனாம். நோட்டீஸ் கையில குடுத்துட்டார். மூணு மணிக் கூட்டத்துல பதில் சொல்லணும். இல்லேன்னா மனு ரத்து, அடுத்த வருஷம்தான்."

"உன்கிட்ட நகல் இல்லையா?"

"இருக்கு. 'இன்னிக்குக் காலையில அச்சடிச்சிருப்பே'ங்கறார். அதுக்கும் மேல ஒரு பேரம் வேற. 'அஞ்சு பேர் போதும்னு எழுதிக் குடு, நோட்டீஸை மடிச்சு வெச்சிடறேன்'னார்."

"நீ என்ன சொன்னே?"

"உங்க மகன் விரலா இருந்தா எத்தனைக்குப் பேரம் பேசுவீங்கன்னு கேட்டுட்டு வந்துட்டேன்."

அண்ணனுக்கு மார்பு ஒரு அங்குலம் விரிந்தது.

பதில் எழுதுவதற்காகக் கோப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அக்கா கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். மூன்றே தாள். முதல் தாள் கடிதம். அதில் எண்ணிக்கை இல்லை, 'இணைப்பில் கண்டபடி' என்று மட்டும் இருந்தது. இரண்டாவது தாள் அட்டவணை. மூன்றாவதில் அவள் கையெழுத்து. மூன்று தாளிலும் அச்செழுத்து ஒன்றேதான்; அவள் பிரிவும் அனுப்புகைப் பிரிவும் இருக்கும் இரண்டாவது மாடி முழுவதற்கும் ஒரே அச்சுப்பொறி. ஒவ்வொரு தாளின் மூலையிலும் அனுப்புகைப் பிரிவின் தேதி முத்திரை, திங்கட்கிழமைத் தேதியோடு. முதல் தாளில் பளிச்சென்ற கருநீலம். இரண்டாவதிலும் பளிச். மூன்றாவதில் வெளிறிப்போய், வெளிச்சத்தில் பிடித்தால்தான் தேதி தெரிந்தது.

"மை தீர்ந்துபோச்சு போல," என்றார் லிஃப்ட்காரர்.

அக்கா அட்டவணையில் விரலை வைத்தார். "நீ எழுதினது எப்படிம்மா?"

"ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு. ஓட்டுநர் ஒண்ணு."

"இதுல நாலு, ஆறு, ரெண்டு, நாலு, நாலு. ஓட்டுநர் மட்டும் அதே ஒண்ணு."

"பூங்காக்காரன்தான்!" லிஃப்ட்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பூங்காப் பிரிவு மேற்பார்வையாளரும் அதே கூட்டத்தில் ஆள் கேட்கிறவர். "திங்கட்கிழமை சாயங்காலம் பச்சைக் கோப்போட என் லிஃப்ட்லதான் ரெண்டாவது மாடிக்குப் போனான். கண்ணே சரியில்ல. இவ மனு பொய்யாப் போனா அந்த ஆளுங்க அவனுக்குத்தானே!"

"எண்ணிக்கையைக் கூட்டினா மனு பொய்யாகும்னு தெரியணும்னா, அளவுப் புத்தகம்னு ஒண்ணு மேடம்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சிருக்கணும், தம்பி. யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் மேடத்துக்கும்தான்," என்றாள் தங்கை. "கத்தரிக்கு இன்னிக்குக் காலையிலதான் மேடம் காட்டினாங்களாம்."

"அப்போ கத்தரிதான்!" என்றார் அண்ணன் உடனே.

அக்கா கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். நாற்காலியே ஆச்சரியப்பட்டிருக்கும். "வாங்க, அனுப்புகைக்குப் போவோம். லிஃப்ட் ஓடுதா, இல்ல கதவு திறந்தே கிடக்கா?"

அனுப்புகைப் பிரிவில் இருக்கிறவரை எல்லாரும் முத்திரை மாமா என்பார்கள். முப்பது வருடம் ஒரே மேசை. முத்திரையைப் பூட்டிய இழுப்பறையின் சாவி அவர் இடுப்புக் கயிற்றிலேயே கிடக்கும்; மதியச் சாப்பாட்டுக்குப் போனாலும் பூட்டிவிட்டுத்தான் போவார். அவர்கள் நுழைந்தபோது ஒரு கட்டுக் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மைப்பெட்டியில் ஒரு அழுத்து, தாள்களில் டக், டக், டக். மறுபடி மைப்பெட்டி. மறுபடி டக், டக், டக்.

"மாமா, மையைக்கூட இப்படிச் சிக்கனம் பண்றீங்களே," என்றார் அக்கா.

"ஒரு மைக்கு மூணு தாள், அதான் நம்ம கணக்கு. முன்னெல்லாம் வருஷத்துக்கு ஆறு பெட்டி கேட்பேன், மூணுதான் தருவாங்க. அப்போ பழகின கை. அப்புறம் புத்தி வந்துச்சு. பன்னிரண்டு கேட்டேன், ஆறு வந்துச்சு! கை மட்டும் மாறல." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு தங்கையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "என்னம்மா, கேட்டது கிடைச்சுதா?"

"ரத்து பண்ணப் போறாங்க மாமா. பொய் சொன்னேன்னு நோட்டீஸ்."

டக் என்று அடுத்த முத்திரை விழுந்தது. முப்பது வருடத்தில் முதல் தடவையாக அது தாளில் விழாமல் மேசையில் விழுந்தது.

பாவம், மனுஷனுக்கு அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டார் லிஃப்ட்காரர். அக்கா மேசையில் காய்ந்துகொண்டிருந்த அந்தக் கருநீல வட்டத்தைச் சற்று நேரம் பார்த்தார். "மாமா, மூணு மணிக்கு ஆணையர் அறைக்கு வந்துடுங்க. முத்திரையையும் கொண்டு வாங்க," என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்கு நீள்வட்ட மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்தார்கள். ஆணையர் மேடம் நடுவில். வலப்பக்கம் கத்தரி, கூர் சீவிய சிவப்புப் பென்சிலோடு. பூங்காக்காரர் தன் பச்சைக் கோப்பைக் கட்டிப்பிடித்தபடி. ஓரத்தில் முத்திரை மாமா, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. லிஃப்ட்காரருக்கு உள்ளே வேலை இல்லை. அதனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும் வேலையைத் தானே ஏற்படுத்திக்கொண்டார்.

"பதிவறைக்கு இங்க என்ன வேலை?" என்றார் கத்தரி.

"அசல் கோப்பு போற இடத்துக்குப் பதிவறையும் போகும் சார். விதி, நான் போட்டதில்ல." அக்கா மூன்று தாளையும் மேசையில் பரப்பினார். "மேடம், மூணு தாள், மூணு முத்திரை. மாமா ஒரு தடவை மை தொட்டா மூணு தாள் குத்துவார். முதல் தாள் அழுத்தம், ரெண்டாவது நடுத்தரம், மூணாவது வெளிறல். இதைப் பாருங்க. முதல் தாள் அழுத்தம், மூணாவது வெளிறல். ரெண்டும் சரி. நடுவுல இருக்கறது?"

ஆணையர் குனிந்து பார்த்தார். "இதுவும் அழுத்தமா இருக்கு."

"அதாவது இது புதுசா மை தொட்டுத் தனியாக் குத்தினது. ஆனா மூணாவது தாள் இவ்வளவு வெளிறணும்னா, நடுவுல ஒரு தாள் மையைக் குடிச்சிருக்கணும். அந்தத் தாள் இங்க இல்ல. இந்தம்மா குடுத்த அட்டவணை அதுதான். அனுப்புகைக்கு வந்துச்சு, முத்திரை வாங்குச்சு, அப்புறம் மாறிப்போச்சு. இவங்க பொய் எழுதல."

"அப்போ யாரு அக்கா?" என்று கதவருகிலிருந்தே கேட்டுவிட்டார் அண்ணன்.

"கெடுக்க நினைச்சவங்க இல்ல, தம்பி. கெடுக்கறவன் கண்டபடி ஒரு எண்ணைப் போட்டிருப்பான். இதுல ஒவ்வொரு வட்டமும் அப்படியே ரெண்டு மடங்கு. ஓட்டுநரை மட்டும் தொடல. இருக்கறது ஒரே வண்டி, ஒத்தை ஆளைப் பாதியா வெட்டவும் முடியாது. இருபத்தொண்ணை வழக்கம்போலப் பாதியாக் கத்திரிச்சா சரியாப் பதினொண்ணு நிக்கும். வெட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை இது. நிதிப் பிரிவு எப்படி வெட்டும்னு வருஷக்கணக்காப் பார்த்தவர், இந்தப் பொண்ணுக்குப் பதினொண்ணும் கிடைக்கணும்னு ஆசைப்பட்டவர், முத்திரைச் சாவி வெச்சிருக்கறவர். அளவுப் புத்தகம் பத்தி மட்டும் தெரியாதவர்."

யாரும் முத்திரை மாமாவைப் பார்க்கவில்லை. அவரே எழுந்தார்.

"நான்தான்." முத்திரையை மேசையில் வைத்தார். "பதினொண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போச்சு இந்தப் பொண்ணு. படிச்சதும் பதறிப்போனேன். பதினொண்ணு கேட்டா, ஓட்டுநர் போக அஞ்சு பேர்தான் வரும். அஞ்சு பேரை வெச்சு இன்னும் எத்தனை விரலை நசுக்கறது? முப்பது வருஷமா இந்தக் கட்டடத்துல உண்மை எழுதினவனுக்குப் பாதி, ரெண்டு மடங்கு எழுதினவனுக்கு முழுசு. யார் சார் எனக்கு இதைக் கத்துக்குடுத்தது?" என்று கத்தரியைப் பார்த்தே கேட்டார்.

"அசல் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு வியாக்கியானம் வேறயா?" என்றார் கத்தரி.

"முத்திரை விழுந்த தாளை மாமா கிழிக்க மாட்டார் சார்," என்றார் அக்கா. "இந்தக் கட்டடத்துலதான் இருக்கும்."

மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சோடு வைத்திருந்த தாளை எடுத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி, மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்தார். அழுத்தம், நடுத்தரம், வெளிறல். மூன்று நீலமும் படிப்படியாய் இறங்கி நின்றன. ரெண்டு, மூணு, ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஓட்டுநர் ஒண்ணு.

ஆணையர் நோட்டீஸைத் தங்கையிடமிருந்து வாங்கிக் குறுக்கே அடித்தார். "உங்களுக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும்," என்றார் மாமாவிடம்.

"வரட்டும் மேடம். அதையாவது பாதியாக்காம முழுசாக் குடுக்கச் சொல்லுங்க."

"மாமா, எனக்கு உங்க மேல கோவம் இன்னும் தீரல," என்றாள் தங்கை. "நான் அளந்ததை ஒரு தடவை நம்பியிருக்கலாம்."

மாமா தலையை ஆட்டினார். அது ஒன்றுக்குத்தான் அவர் தலை குனிந்தது.

கத்தரி தொண்டையைச் செருமினார். பென்சில் தானாகவே பதினொன்றின் மேல் போய் நின்றது. பாவம், அவர் கைக்கும் பழக்கம். "சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆறுன்னு வெச்சுக்கலாம். மேடம் முகத்துக்காக ஏழு."

தங்கை பைக்குள்ளிருந்து அளவு நாடாவை எடுத்தாள். சேறு காய்ந்து மஞ்சள் தெரியாமல் இருந்த நாடா. அதை அவருடைய வெள்ளைத் தாள்களின் மேல் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க சார். என்கூட தெருவுக்கு வாங்க. எந்தக் கால்வாயைத் தூர் வாராம விடலாம், எந்த ஆள் தனியா மூடி தூக்கலாம்னு நீங்களே காட்டுங்க. காட்டின இடத்துல உங்க கையெழுத்தைப் போடுங்க. நான் ஒரு ஆளைக் குறைச்சுக்கறேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு ஆள்."

கத்தரி நாடாவைத் தொடவில்லை. பூங்காக்காரர் மெல்லத் தன் பச்சைக் கோப்பைத் திறந்து, தான் கேட்டிருந்த எண்ணைப் பார்த்து, ஒரு பேனாவை எடுத்து அதை அடித்துச் சிறிதாக்கி எழுதிக்கொண்டார். அதை லிஃப்ட்காரர் ஒருவர்தான் பார்த்தார். மனதுக்குள் அவரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

"பதினொண்ணு," என்றார் ஆணையர், கையெழுத்துப் போட்டபடி. "அடுத்த மனு."

கூட்டம் கலைந்ததும் முதலில் லிஃப்டுக்குள் ஏறியவர் கத்தரி. ஆணையர் அறை மூன்றாவது மாடி. அவருடைய கார் நிற்பது தரையில். லிஃப்ட்காரர் கதவைச் சாத்தினார். பொத்தான் பக்கம் விரலைக் கொண்டுபோய், அப்படியே நிறுத்தினார்.

"மூணு மாடியும் இறங்கணுமா சார்?"

"ஆமாய்யா, இதென்ன கேள்வி?"

"இல்ல, ஒண்ணரை மாடி இறக்கிவிட்டாப் போதுமான்னு பார்த்தேன்."

கத்தரி அவரை முறைத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக லிஃப்ட்காரர் கண்ணைத் தாழ்த்தாமல் திருப்பிப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தி, மூன்று மாடியையும் முழுசாக இறக்கிவிட்டார்.