அன்புடன் ஒரு மாத்திரை!

"ஐயோ... கொலை! கொலை!"

அலறியவள் அச்சக முதலாளியின் மனைவி.

முதலாளி வாஷ்பேசினுக்குக் கீழே கிடந்தார். முகத்தில் பாதி சோப்பு நுரை, மீதி ரத்தம். பனியன் முழுக்க ரத்தம். கையருகில் ஷேவிங் ரேஸர்.

மீசையில் மட்டும் ஏனோ... பச்சை!

இன்ஸ்பெக்டர் வந்து சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போயிருந்தது. தரையைப் பார்த்த இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"எத்தனை குத்து டாக்டர்?"

"குத்தே இல்ல சார். தாடையில ரேஸர் கீறல். குண்டூசி அளவு."

"அதுக்கா இவ்ளோ ரத்தம்?"

"இவருக்கு இதயத் துடிப்பு தாளம் தப்புற வியாதி. மேல் அறை ஒழுங்கா சுருங்காது, சும்மா நடுங்கும். அங்க ரத்தம் தேங்கி உறைஞ்சு, கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். உறையாம இருக்க தினம் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு! இப்ப டெஸ்ட் பண்ணா... யாரோ அள்ளிக் குடுத்திருக்காங்க!"

"பிழைப்பாரா?"

"விழுந்ததுல மண்டையில அடி. உள்ள ரத்தம் கசியுதான்னு ஸ்கேன் எடுக்கறோம். கசிஞ்சா... ரொம்பக் கஷ்டம்."

இன்ஸ்பெக்டர் ஹாலுக்கு வந்தார். நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனைவி. மகள். அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளும் மகன். அப்புறம் மனைவியின் தம்பி... மருந்துக்கடைக்காரர். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணீர்தான் வந்தபாடில்லை!

அந்த வீட்டைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வியாதி வந்த நாளிலிருந்து அது வீடாக இல்லை. ஜெயிலாக மாறியிருந்தது. டாக்டர் சொன்னது, குடியை விடுங்க, தினம் நடங்க, எடையைக் குறைங்க, மாத்திரையை மறக்காதீங்க... அவ்வளவுதான். குடும்பம் தன் பங்குக்கு நாற்பது சட்டம் போட்டது. காபி கட். டி.வி.யில் மேட்ச் கட். வாய்விட்டுச் சிரிப்பதும் கட், படபடப்பு வந்துவிடுமாம்! காலையில் மனைவி கையால் ஒரு பெரிய டம்ளர் கீரைச்சாறு. தம்பி கடையிலிருந்து மீன் எண்ணெய், மெக்னீசியம் என்று கலர் கலராய்க் காப்ஸ்யூல். போதாததற்கு எல்லோர் மணிக்கட்டிலும் தம்பி விற்ற வாட்ச். துடிப்பு எகிறினால் கத்தும். முதலாளியின் வாட்ச் கத்தினால் வீடே சேர்ந்து கத்தும்!

"டாக்டர் குடுத்த மாத்திரையை உங்கள்ல ஒருத்தர் கூடுதலா குடுத்திருக்கீங்க. யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

இன்ஸ்பெக்டர் லத்தியால் மேஜையைத் தட்டினார்.

"சொல்லலேன்னா எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவேன்!"

"நான்தான்!"

ஒரே நேரத்தில்... மூன்று குரல்கள்!

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் மகனைப் பார்த்தாள். மகன் பேந்தப் பேந்த விழித்தான்.

"நான் கீரைச்சாறுல பொடிச்சுப் போட்டேன்..." மனைவி கேவினாள்.

"அம்மா! நான் மதியம் ஓட்ஸ் கஞ்சியில கலந்தேனே!"

"நான் ராத்திரி பால்ல..." என்றான் மகன்.

"அடப்பாவிகளா! எதுக்கு?"

"அவர் மாத்திரையைத் துப்பிடறார், பக்கவாதம் வந்துடும்னு பயம் சார். தெரியாம கலந்து குடு, யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு சத்தியம் வாங்கிட்டு, மாத்திரை அட்டையையும் கையில குடுத்தான்..." என்றாள் மனைவி.

"யாரு?"

மூன்று தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

தம்பி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"அக்கறையில சொன்னேன் சார். அத்தான் நிஜமாவே துப்பினார். அக்காவே பார்த்திருக்கா."

"ஆமா சார். ஜன்னல் வழியா துப்பினதை என் கண்ணால பார்த்தேன்."

"அம்மா, அது டாக்டர் மாத்திரை இல்லம்மா!" மகன் எழுந்தே விட்டான். "மாமாவோட காப்ஸ்யூல்! லேபிள் அடிக்கறதே நம்ம பிரஸ்லதானே? ஒரே சரக்குக்கு நாலு வேற வேற பேர்ல லேபிள் கேட்டார். அப்பாவுக்கு சந்தேகம் வந்து நாலையும் உடைச்சுப் பார்த்தார். நாலுலயும் வெறும் மாவு! அன்னிலேர்ந்துதான் துப்ப ஆரம்பிச்சார். 'ஊரைக் கூட்டி உன் மானத்தை வாங்கறேன்'னு மாமாகிட்ட சண்டை கூட போட்டார். அம்மா தாங்க மாட்டாங்க, நானே பக்குவமா சொல்லிக்கறேன், நீ வாயைத் திறக்காதேன்னு அப்பாவும் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். இப்ப டாக்டர் மாத்திரையையும் சேர்த்துத் துப்பறார்னு மாமா சொன்னதும் பயத்துல நானும் நம்பிட்டேன்..."

"சத்தியம் பண்ணிப் பண்ணியே ஒரு மனுஷனைப் படுக்க வெச்சுட்டீங்க!" இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தம்பி பக்கம் திரும்பினார். "அக்கறைன்னா ஒருத்தர்கிட்ட சொன்னா போதுமே சார். எதுக்கு மூணு பேர்? ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியக் கூடாதுன்னு எதுக்கு சத்தியம்?"

"அது... வந்து... நான் என் கையால ஒரு மாத்திரை குடுத்தேனா சார்? நிரூபிங்க பார்ப்போம்! நான் ஏன் பதறணும்? எனக்கு ஒரு பதற்றமும் இல்..."

பீப்! பீப்! பீப்!

தம்பியின் மணிக்கட்டில் வாட்ச் அலறியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையே... உங்க கடைச் சரக்குல இது ஒண்ணாவது அசல்!"

விலங்கு மாட்டப்பட்டது. மனைவி தம்பியின் கன்னத்தில் விட்ட அறையில் அவர் வாட்ச் இன்னும் பலமாகக் கத்தியது.

அப்போது இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது.

அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஸ்கேன் சுத்தமா இருக்கு சார்!" என்றார் டாக்டர். "கண் முழிச்சுட்டார்!"

மனைவி சுவரில் சாய்ந்து அழுதாள். இந்த முறை நிம்மதியில்.

ஆஸ்பத்திரியில் முதலாளி தலையில் கட்டோடு படுத்திருந்தார். நடந்ததை எல்லாம் இன்ஸ்பெக்டர் சொல்லக் கேட்டார். மச்சானின் துரோகத்துக்குப் பல்லைக் கடித்தார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றார் டாக்டர். "இத்தனை மாத்திரைக்கு இவர் என்னிக்கோ போயிருக்கணும். வேற என்னம்மா குடுத்தீங்க?"

"வேற ஒண்ணுமில்ல டாக்டர்... கீரைச்சாறுதான். பெரிய டம்ளர்ல. தினமும்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"கீரையா! இந்த மாத்திரைக்குக் கீரைதாம்மா எதிரி! அதுல இருக்கற சத்து மாத்திரையோட வேலையைக் கெடுக்கும். அதை அளவோட, ஒரே மாதிரிதான் சாப்பிடணும். என்னைக் கேக்காம இப்படி ஊத்தினது பெரிய தப்பு. ஆனா... அந்தத் தப்புதான் இன்னிக்கு இவர் உயிரைக் காப்பாத்தியிருக்கு!"

விஷமும் மாற்று மருந்தும் ஒரே டம்ளரில்!

மனைவியின் முகம் மலர்ந்தது. கூடையிலிருந்து பச்சையாய் ஒரு பாட்டிலை எடுத்தாள்.

"பார்த்தீங்களா? வேண்டாம் வேண்டாம்னு அழுதீங்களே! இனிமே ஆயுசு முழுக்க..."

முதலாளி பாட்டிலைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சார்... என் மச்சானை விட்டுடுங்க சார். அவன் ஒரே தடவையாத்தான் கொல்லப் பார்த்தான்!"