சுண்டெலியின் பையில் தர்பூசணி வாசம்

கணக்குப் பாடம் நடக்கும்போது தர்பூசணி வாசம் அடித்தால் யாருக்குத்தான் கணக்கு ஓடும்?

சுண்டெலி மூக்கை உறிஞ்சினாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய அண்ணன் ‘சுண்டெலி’ என்று கூப்பிடப் போய், இப்போது ஆறாம் வகுப்பு முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

“உன் பையிலேர்ந்துதான் வருது,” என்று பக்கத்தில் இருந்த ரேடியோ கிசுகிசுத்தாள். ரேடியோ அவளுடைய உயிர்த்தோழி. அந்த வாயை மூட ஒரு பொத்தான் இருந்தால் வகுப்பே நன்றி சொல்லும். “பழம் வச்சிருக்கியா? எனக்கும் ஒரு துண்டு குடுடி.”

“பழமும் இல்ல, ஒண்ணும் இல்ல,” என்றபடி சுண்டெலி பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். விரல் நீளத்துக்கு வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. மேசைக்கு அடியிலேயே எட்டிப் பார்த்தாள். நீல நிறத்தில், பார்ப்பதற்கு ஸ்கெட்ச் பேனா போல இருந்தது.

கையை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டாள்.

போன வாரம் காலைக் கூட்டத்தில், விளையாட்டு ஆசிரியர் விசில் சார் இதே மாதிரி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். “இதுக்குப் பேரு வேப். சிகரெட்டோட தம்பி. பழ வாசத்தப் போட்டு ஏமாத்துவாங்க. உள்ள இருக்கறது நிகோட்டின். நீங்க அதப் பிடிச்சா, அப்புறம் அது உங்களப் பிடிச்சுக்கும்.”

அதற்குப் பிறகு தலைமையாசிரியை, அதாவது பெரிய டீச்சர், ஒலிபெருக்கி முன்னால் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “யார் பையில கிடைச்சாலும், அன்னைக்கே பள்ளிய விட்டு அனுப்பிடுவேன்.”

சுண்டெலிக்குக் காலையில் நடந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. அண்ணன் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான். குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட ‘உனக்குக் கை இல்லையா?’ என்று கேட்கிற ஆள்! “என்னடா இது, இன்னைக்கு மழை கொட்டப் போகுதா?” என்று அம்மாகூடக் கேலி செய்தாள்.

இப்போது புரிந்தது. பள்ளி வாசலில் விசில் சார் பெரிய வகுப்புப் பைகளை மட்டும்தான் திறந்து பார்ப்பார். சின்ன வகுப்புப் பைகளைத் தொடவே மாட்டார். வாசல் வந்ததும் அண்ணன் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல நடந்து போனான்.

இதற்கிடையில் கணக்கு சார் அனுப்பி, சாக்பீஸ் எடுக்க ஆசிரியர் அறைக்குப் போயிருந்த ரேடியோ திரும்பி வந்தாள். கண்கள் அகல விரிந்திருந்தன.

“சேதி தெரியுமா? ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கழிப்பறையில வேப் ஊதிட்டு வாந்தி எடுத்துட்டானாம். அடுத்த பீரியட் எல்லா வகுப்புலயும் பை சோதனை. நம்ம வகுப்புலயும்தான்!”

சுண்டெலி பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஜன்னல் வழியாக வீசிவிடலாமா? கீழே ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். எது கிடைத்தாலும் வாயில் வைக்கிற வயசு. குப்பைக் கூடையா? சோதனையில் அதைத்தான் முதலில் கவிழ்ப்பார்கள். ரேடியோவின் பை திறந்து கிடந்தது. அதன்மேல் ஒரே ஒரு நொடி கண் போய்விட்டது. ‘சீ, நானா இப்படி நினைச்சேன்?’ என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தாள்.

“சார், தண்ணி குடிச்சிட்டு வரேன்.”

வேப்பை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நேராகப் பத்தாம் வகுப்புக்கு ஓடினாள். வீட்டுச் சாவி வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி அண்ணனை மாடிப்படிக்கு வரவழைத்தாள்.

“இத ஏன் என் பையில வச்ச?”

“ஷ்! கத்தாத. மதியம் வந்து எடுத்துக்கறேன்.”

“இப்ப எங்க வகுப்பையும் சோதிக்கப் போறாங்க!”

அண்ணனின் முகம் வெளிறியது. “அப்போ எங்கயாவது தூக்கிப் போட்டுடு.”

“உன்னோடதுதானே? நீயே போடு.”

அவன் கையை நீட்டி வாங்கினான். ஆனால் போடவில்லை. விரல்கள் அதை இறுக்கிக்கொண்டன.

“முடியல, சுண்டெலி,” என்றான். “எத்தன தடவை போட்டேன் தெரியுமா? மறுபடி மறுபடி போய் வாங்கிட்டேன். அது இல்லன்னா தல வலிக்குது. யாரப் பாத்தாலும் எரிச்சலா வருது.”

கொஞ்ச நாளாக அவன் வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்ததன் காரணம் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. அவன் தன்னை வெறுக்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

“யார்கிட்டயாவது சொல்லேன்.”

“யார்கிட்ட? அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. இங்க சொன்னா வெளிய அனுப்பிடுவாங்க. இந்த வருஷம் பரீட்ச எழுதவே முடியாது.”

கரப்பான் பூச்சியை வெறுங்கையால் பிடிக்கிற அண்ணன் இவன். அவன் பயந்து அவள் பார்த்ததே இல்லை. அவள் கையை நீட்டினாள்.

“அத என்கிட்ட குடு,” என்றாள்.

“என்ன பண்ணப் போற?”

“தெரியல. குடு.”

பெரிய டீச்சரின் அறையில் விசில் சார் சோதனைக்குப் புறப்படத் தயாராக நின்றிருந்தார். சுண்டெலி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“இப்பவா? சீக்கிரம் கேளு.”

“ஒருத்தர்கிட்ட வேப் இருக்கு. அவங்களுக்கு அத விடணும்னு ஆச. ஆனா முடியல. யார்கிட்ட போய்ச் சொல்லணும்?”

“என்கிட்டதான்.”

“சொன்னா என்ன செய்வீங்க?”

பெரிய டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். “பள்ளிய விட்டு அனுப்புவேன்னு சொல்லியிருக்கேனே.”

“அப்போ யாரு டீச்சர் வந்து சொல்லுவாங்க? பல் வலின்னு போனா டாக்டர் கதவச் சாத்திடறாரா?”

“சின்னப் பொண்ணு மாதிரி பேசு!” என்றார் விசில் சார்.

“நான் சின்னப் பொண்ணுதானே சார்!”

பெரிய டீச்சரின் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போனது. “பின்னால கையில என்ன?”

இனி ஒளிக்க வழியில்லை. சுண்டெலி கையை விரித்தாள். அறை முழுக்கத் தர்பூசணி வாசம் பரவியது.

“உன்னோடதா?”

“இல்ல டீச்சர்.”

“யாரோடது?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“உன் பையில இருந்ததா?”

“ஆமா.”

“அப்போ நான் சொன்னபடி உன்னத்தான் அனுப்பணும்.”

அவள் கண்ணில் நீர் முட்டியது. “அனுப்புங்க டீச்சர். ஆனா என்னைய அனுப்பினா அவங்களுக்குச் சரியாயிடுமா?”

விசில் சார் கழுத்தில் தொங்கிய விசிலை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “போன வருஷம் ரெண்டு பேர அனுப்பினோம் டீச்சர். இப்பவும் தெருமுனையில நின்னு அதையேதான் ஊதிட்டு இருக்காங்க. தினம் பாக்கறேன். சொல்ல மனசு வரல.”

பெரிய டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் ஒலிபெருக்கியை முடுக்கினார். அவர் குரல் எல்லா வகுப்பறைகளிலும் கேட்டது.

“இன்னைக்குப் பை சோதனை கிடையாது. பள்ளிக்குள்ள வேப் கூடாது, அதுல மாற்றமே இல்ல. ஆனா வச்சிருக்கறவங்க மதிய மணி அடிக்கறதுக்குள்ள என் அறைக்கு வந்து குடுத்துடலாம். யாரையும் அனுப்ப மாட்டேன். விட முடியலன்னா அதையும் சொல்லுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வீட்டுலயும் நானே கூட உக்காந்து பேசறேன்.”

பிறகு சுண்டெலி பக்கம் திரும்பினார். “நீ சொன்ன ஆளு வரலன்னா?”

“வருவாங்க டீச்சர்,” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. அண்ணனுக்கு ரோஷம் அதிகம், வெட்கம் அதைவிட அதிகம்.

வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நேரம் நகர மறுத்தது. யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. ஓர் ஆசிரியர் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுபடி சத்தம். ரேடியோ தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். மணி அடிப்பவர் மெல்ல நடந்து வந்து மணிக்குக் கீழே நின்றார். சுத்தியலைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். அண்ணன் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவளைத் தாண்டி உள்ளே போனான்.

“அது என்னோடது டீச்சர். என் தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீங்க. அவ பையில வச்சது நான்தான். விடணும்னு பாக்கறேன். முடியல.”

பெரிய டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருப்பா.”

அவன் உட்கார்ந்தான். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சுண்டெலி பக்கத்தில் போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் மனசு பஞ்சாக லேசாகியிருந்தது.

மணி அடித்தது. கதவைச் சாத்தலாம் என்று போன விசில் சார் அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே தலையைக் குனிந்தபடி சில பையன்கள் நின்றிருந்தார்கள். இரண்டு பெண்களும் இருந்தார்கள். ஆளுக்கொரு கையைப் பாக்கெட்டிலும் பையிலும் மறைத்துக்கொண்டு, யார் முதலில் போவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விசில் சார் தொண்டையைச் செருமினார்.

“டீச்சர்,” என்றார், “நாற்காலி பத்தாது. நான் போய் எடுத்துட்டு வரேன்.”