மகிழன் நடந்த பொறி

வெயில் சங்கு ஊதுவதற்குள் நாச்சிமுத்துவும் மரகதமும் உடற்பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். காலையில் சங்கு ஊதிய பிறகு கோவையில் யாரும் தெருவில் நடக்கக் கூடாது. மீறி நடந்தால் அபராதம். அபராதத்துக்குப் பயப்படாதவர்களை வெயில் பார்த்துக்கொள்ளும். அதனால் நகரத்தில் நடக்கப் பிரியப்பட்டவர்கள் எல்லோரும் கூரைக்குக் கீழே, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

கூடம் முழுவதும் நீள்வட்ட நடைப்பொறிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கைப்பிடியைத் தள்ளியும் இழுத்தும், மிதியை விட்டுக் கால் எடுக்காமல் எங்கோ போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு பொறியின் நெற்றியிலும் ஒரு பெயர் எழுதியிருந்தது. சன்னலோரம் ஆளில்லாமல் நின்ற பொறியில் 'நா. மகிழன்' என்று இருந்தது. மரகதம் அதன் முன்னால் போய் நின்றாள். தொடக் கையை நீட்டியவள் தொடாமலே இழுத்துக்கொண்டாள்.

மகிழன் அவர்களுடைய ஒரே பிள்ளை. மூன்று நாள் காய்ச்சல், இருபத்தெட்டு வயது. போய்விட்டான். இதைவிட நீட்டிச் சொல்ல அதில் எதுவும் இல்லை, சொல்லவும் மனம் வரவில்லை.

"நீங்க வாங்கிக்கலைன்னா நாங்க இதை உருக்கியாகணும்ங்கம்மா. ஒருத்தர் நடந்த பொறியை அப்படியே அடுத்தவங்களுக்குத் தரக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்க. சொந்தக்காரங்க கேட்டா மட்டும் தரலாம்" என்றாள் ரெஜினா. நிலையத்தை நிர்வகிக்கும் பெண். மகிழனைத் தெரிந்தவள் என்பதால் கண்ணைப் பார்த்துப் பேச முடியாமல் பொறியைப் பார்த்துப் பேசினாள்.

உருக்குவது பொறியை அல்ல, அதன் மூட்டுகளில் இருக்கும் நினைவுக்குழம்பை. பெயர் வைத்த விஞ்ஞானி சாப்பாட்டு வேளையில் வைத்திருப்பார் போலிருக்கிறது. ஆனால் பொருள் சாமானியமானது அல்ல. நடப்பவர் எங்கே அழுத்துகிறாரோ அங்கே அது இளகிக்கொடுக்கும், எங்கே தளர்கிறாரோ அங்கே இறுகித் தாங்கும். நாள்பட நாள்பட அவருடைய நடையே அதற்குப் பழக்கமாகிவிடும். முழங்கால் தேய்ந்தவர்களும் வலியில்லாமல் நடப்பதற்காகக் கண்டுபிடித்தது. பழகின செருப்பு காலுக்குத் தக்கபடி அமைந்துவிடுகிறதே, அந்த மாதிரிதான். அந்தச் செருப்பைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. இதையும் முடியாது.

"அப்போ இதுக்குள்ள அவன் நடை இருக்குதா?" என்று கேட்டாள் மரகதம்.

"இருக்குதுங்கம்மா. ஏறிப் பாருங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நீங்க நடக்க நடக்க இது உங்க நடையையும் பழகிக்கும். அவர் நடை கொஞ்சங் கொஞ்சமாப் போயிடும். அதைத் தடுக்க முடியாதுங்க."

நாச்சிமுத்து வாழ்நாள் முழுக்க பேக்கரி நடத்தியவர். வாங்க வந்தவர்களுக்கு ருசி காட்டியே தீர்ந்துபோன கேக்குகளைக் கண்டவர். அவருக்கு இந்த வியாபாரம் உடனே புரிந்துவிட்டது. மரகதத்தைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"வேண்டாம் மரகதம். ருசி பாத்தே தீந்துபோற பண்டம் இது. ஏறுனா அவன் போயிருவான். ஏறாம வெச்சிருந்தா எதுக்கு வாங்கறது?"

"உருக்கறேங்குதே அந்தப் புள்ள. அதுக்கு நாம கரைச்சுட்டுப் போறம்ங்க."

"மறுபடியும் ஒருக்கா அவனைப் பறிகுடுக்கணுமா? எனக்கு அந்தத் தெம்பு இல்ல."

"எனக்கு மட்டும் இருக்குதுங்களா?" என்று சொல்லிவிட்டு மரகதம் செருப்பைக் கழற்றினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரெஜினா கை கொடுக்க, பொறியில் ஏறிவிட்டாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிதி அவள் காலை முன்னால் இழுத்தது, அவள் நினைத்ததைவிட வேகமாக. மகிழன் எதிலும் அவசரக்காரன். பேக்கரி வண்டி நிற்பதற்குள் குதித்துக் கணுக்காலை உடைத்துக்கொண்டவன். அந்த வலது கால் அதன்பிறகு கடைசி வரைக்கும் கொஞ்சம் இழுத்துத்தான் வந்தது. பொறியிலும் வலது மிதி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் தயங்கி, பின்தங்கி, ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

"ஏனுங்க! அவனேதானுங்க!" என்று மரகதம் கத்தினாள். கூடத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது, கண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது. "சித்த மெதுவாப் போ சாமி, அம்மாவால முடியல" என்று கைப்பிடியைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குமேல் நாச்சிமுத்து எங்கே மறுப்பது! ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம் என்று ரெஜினா சொன்னாள். பொறி அன்று சாயங்காலமே வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

"நீங்களும் ஒருக்கா ஏறுங்க" என்றாள் மரகதம்.

"அப்பறமா ஏறிக்கறேன்."

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் தான் வைக்கிற ஒவ்வொரு அடியும் அவளுக்கு மிச்சமிருக்கும் மகிழனிலிருந்து ஒரு அடியைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். பெற்றவள் முதலில் நடக்கட்டும். கடைசியில் ஒரே ஒருமுறை ஏறிக்கொண்டால் போதும் என்று தன் பங்கை எடுத்து வைத்துக்கொண்டார்.

மரகதமும் வாரி இறைத்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும், குளித்துவிட்டு, காப்பி ஆறுகிற நேரம் மட்டும் ஏறுவாள். ஏறி இறங்கினால் அன்று முழுவதும் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "எங்க ஊட்லயும் ஒண்ணு இருக்குதுங்க, துணி காயப்போடறதுக்கு ரொம்ப வசதி" என்றார். யாருடைய பொறி என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் துக்கம் கேட்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். சாவுக்கு வர முடியாதவர்கள், வெயிலுக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்கள், வெளியூர்க்காரர்கள். முதலில் வந்தது நாச்சிமுத்துவின் அக்கா வள்ளியாத்தாள். பொறியின் கதையைக் கேட்டதும் அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

"நான் தூக்கி வளத்த புள்ளைடா அவன். நானும் ஒருக்கா அவங்கூட நடந்துக்கறேன் மரகதம்."

மரகதம் புருஷனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வள்ளியாத்தாள் ஏறினாள்.

அதற்குப் பிறகு யாரை நிறுத்துவது? சித்தப்பா மக்கள் ஏறினார்கள். கூடப் படித்தவர்கள் ஏறினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கொரு தடவை ஏறி, முகத்தைப் பொத்திக்கொண்டு இறங்கினார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த, மகிழனைப் பார்த்தே இராத ஒருவன், "சும்மா ஒருக்கா" என்று ஏறினான். இழவு வீட்டில் வருகிறவரை 'வாங்க' என்று சொல்லக் கூடாது, போகிறவரும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. இந்த இரண்டு சொல்லுக்கே இடமில்லாத வீட்டில் 'ஏறாதீங்க' என்ற சொல்லை எப்படிச் சொல்வது!

இன்னொன்றும் இருந்தது. மரகதத்தின் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் அவளே கை கொடுத்து ஏற்றிவிட்டாள். "பாத்துங்க, அவன் வேகமாப் போவான்" என்று எச்சரித்தாள். இறங்கியவர்கள் அவனைப் பற்றிப் பேசினார்கள். அவன் சொன்ன கேலி, அவன் வாங்கிக்கொடுத்த டீ, அவன் தூக்கிக்கொண்டு ஓடிய யாரோ ஒருவரின் குழந்தை. மகனைப் பற்றி இத்தனை புதிய செய்திகளை அவள் கேட்டதே இல்லை. நாச்சிமுத்து காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தார். பொறி சுழலும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. தம்ளர்களைக் கழுவும்போதும் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்கள். மாதமும் முடிந்தது. முடிவு கேட்க ரெஜினா வர வேண்டிய நாளின் காலையில் மரகதம் பொறியைத் துடைத்து, ஒரு முழம் மல்லிகையைக் கைப்பிடியில் சுற்றினாள்.

"ஏனுங்க, எல்லாரும் ஏறீட்டாங்க. நீங்க ஒருத்தருதான் பாக்கி. நான் இனி ஏற மாட்டேனுங்க. எனக்குக் கெடைச்சது போதும். மிச்சம் இருக்கறது பூராவும் உங்க பங்கு. ஏறிப் பாருங்க. அவன் இருந்தான்னா வாங்கிக்கலாம். இல்லீன்னா அந்தப் புள்ள எடுத்துட்டுப் போவட்டும்."

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கைப்பிடியைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

பொறி நடந்தது. மிதிகள் சீராக, பதமாக, யாருக்கும் தொந்தரவு தராமல் சுற்றின. அவர் வலது காலுக்காகக் காத்திருந்தார். வலது கால் தயங்கவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தால் வரும் என்று நடந்தார். வேகமாக நடந்தார், மெதுவாக நடந்தார். அக்காவின் பாரமும், நண்பர்களின் இளமையும், வேடிக்கை பார்க்க வந்தவனின் அடியும் ஒன்றோடொன்று கலந்து, மேடு பள்ளம் இல்லாத ஒரு பொதுநடையாகியிருந்தன. ஊரில் எவர் வேண்டுமானாலும் அப்படி நடக்கலாம். அவன் மட்டும் அப்படி நடந்ததில்லை.

மகன் செத்த அன்றுகூட அவர் இப்படி உடையவில்லை. அன்றைக்குச் சுற்றிலும் ஆள் இருந்தது, செய்யக் காரியம் இருந்தது. இன்றைக்கு, சேர்த்து வைத்த அத்தனையும் போன வெறுங்கையோடு சுற்றிக்கொண்டிருந்தார். குழிக்குள் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்களே, அப்படி ஆளுக்கு நாலு அடி நடந்து அவனை மூடிவிட்டார்கள். அத்தனை பேரும் பாசத்தில்தான் செய்தார்கள். யாரைப் போய்க் கோபிப்பது?

"எப்படி இருக்கறானுங்க?" என்று கீழேயிருந்து மரகதம் கேட்டாள்.

அவர் கண்ணைத் திறந்தார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளை வரக் காத்திருந்த நாட்களில் அவள் நின்றது அப்படித்தான்.

"அப்படியேதான் இருக்கறான். அதே அவசரம்" என்றார் நாச்சிமுத்து.

"வலது காலு?"

"இழுக்குது."

"அப்ப வாங்கிரலாமுங்க" என்றாள் மரகதம். வேண்டவே வேண்டாம் என்று ஆரம்பத்தில் நின்றவர், ரெஜினா வந்ததும் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

மரகதம் சொன்ன சொல்லை மீறவில்லை, பொறியில் ஏறவில்லை. அவர்தான் ஏறினார். தினமும் ஏறியாக வேண்டியிருந்தது. சங்கு ஊதியதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்வாள். அவர் நடந்துகொண்டே சொல்வார். இன்னிக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு ஓடறான். இன்னிக்கு ஏதோ குஷியில இருக்கறான், பாட்டுக்குத் தாளம் போடற மாதிரி மிதிக்கறான். இன்னிக்கு நம்மளோட சண்டை, தடதடன்னு போறான். ஒவ்வொரு நாளும் எதைச் சொல்வது என்று முந்தின நாளே யோசித்து வைத்துக்கொள்வார். இறங்கும்போது பொய்யின் அசதியா நடையின் அசதியா என்று அவருக்கே தெரியாது.

பொறிக்கு மகன் யார், தகப்பன் யார் என்ற பேதம் இல்லை. ஏறுகிறவரைப் பழகிக்கொள்வதுதான் அதன் தொழில். பழகிக்கொண்டது. அவருடைய தேய்ந்த இடது முழங்காலைத் தாங்கக் கற்றுக்கொண்டது. குட்டையான எட்டுகளையும், நடுநடுவே மூச்சு வாங்கி நிற்பதையும் கற்றுக்கொண்டது. மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பொறியில் நடந்தது முழுக்க முழுக்க ஒரு கிழவனின் நடை.

கார்த்திகையில் ஒருநாள் மரகதம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சடசடவென்று சுழன்ற பொறி இப்போது நின்று நின்று முனகியது.

"ஏனுங்க, என்ன இத்தனை மெதுவாப் போறான்? மேலுக்கு முடியலீங்களா?"

நாச்சிமுத்து இந்தக் கேள்விக்குப் பதில் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மரகதம். அவனுக்கும் வயசாகுதில்ல."

மரகதத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அவனுக்கு வயசாகறதைப் பாக்க நமக்குக் குடுத்து வெக்கலைன்னு நெனச்சு அழுதுட்டு இருந்தேனுங்க" என்றாள். "நடங்க, நிறுத்தாதீங்க."