நாற்பது கோட்டுகளின் பொத்தான்கள்

அன்று தையற்கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஆடை வடிவமைப்பாளரான அத்தை, அவருடைய அண்ணன், அண்ணன் மகள் வாலு, துணி வெட்டும் மாஸ்டர். பிறகு தெருவில் கதை கட்டியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

மேசைமேல் நாற்பது கம்பளிக் கோட்டுகள் இருந்தன. போருக்குத் தப்பி, வெளிநாட்டு முகாம் ஒன்றில் குளிரில் கிடக்கும் பிள்ளைகளுக்காக அத்தை தைத்தவை. மறுநாள் மாலை அவற்றை ஏற்ற வண்டி வரும். அத்தையும் உடன் கிளம்புவார். ஆண்டுக்கு மூன்று மாதம் அவருக்கு அந்த முகாமில்தான் வேலை.

அளவு பார்க்க ஒரு கோட்டை வாலுவுக்கு மாட்டினார்கள். ஐந்து பொத்தான்களும் முதுகுப்பக்கம். அதுதான் அத்தையின் முத்திரை. பார்த்ததுமே யார் தைத்தது என்று ஊர் சொல்லிவிடும்.

வாலு கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். இரண்டு பொத்தான்களை மாட்டினாள். மூன்றாவது எட்டவில்லை. நடுமுதுகில் எறும்பு கடித்தவளைப் போல நெளிந்தாள். மாஸ்டர் சிரித்துவிட்டார். அத்தை வழக்கம்போல் உதவிக்குக் கை நீட்டினார்.

வாலு விலகி நின்றாள்.

"எனக்கு நீங்க இருக்கீங்க அத்தை. அங்க தனியா வந்து சேர்ந்த பிள்ளைங்கன்னு போட்டோ காட்டினீங்களே, அவங்களுக்கு யாரு போட்டுவிடுவா?"

அப்பாவின் முகம் இறுகியது. தங்கள் வீட்டுத் தையலை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை என்றார். சின்ன வாய்க்குப் பெரிய பேச்சு என்றார். 

வாலு கோட்டைக் கழற்றி, முன்பின் மாற்றி மாட்டினாள். ஐந்து பொத்தான்களையும் தானே போட்டாள். முன்னால் வந்துவிட்ட கழுத்து தொண்டையை அழுத்தியது.

"பேச முடியுது. முழுங்கத்தான் முடியல," என்றாள்.

கழுத்தை ஒரு அங்குலம் இறக்க முடியுமா என்று அத்தை கேட்டார். இறக்கலாம், பின்கழுத்துக்கு ஒரு பட்டி வைத்தால் குளிர் புகாது, பின்னால் போய்விடும் பைகளையும் பிரித்து முன்னால் மாற்ற வேண்டும் என்றார் மாஸ்டர். பிறகு தயங்கினார்.

"ஆனா உங்க முத்திரை போயிடுமேம்மா."

"போகட்டும் மாஸ்டர். கத்திரியை எடுங்க."

மாஸ்டர் வெட்டினார். அத்தை தைத்தார். வாலு பைகளைப் பிரித்தாள். வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் கடைசியில் ஊசியில் நூல் கோத்தார். மறுநாள் வண்டி வந்தபோது மூன்று கோட்டுகள்தான் மிச்சம். வண்டிக்காரர் காத்திருந்தார்.

கோட்டுகளைக் கெடுத்துவிட்டதால் அத்தை பயணத்தையே கைவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அத்தை சொன்ன நாளில் போனார். நாற்பது கோட்டுகளும் போயின. பொத்தான்களைப் பிள்ளைகள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்.