பாதியில் அணைந்த மைக்

மைக் அண்ணன் புகார் அறைக்குள் வந்தும் உட்காரவில்லை. மாணவர் பேரவை மண்டபத்தில் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். தன் வேலை போகப்போகிறது என்றார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டத்துறை மாணவர். பேரவைக்கு வரும் புகார்களை விசாரிப்பவர். எதற்கும் அவசரப்படாததால் ஆமை என்று பட்டப்பெயர். பக்கத்தில் பேரவையில் இயற்பியல் துறையின் உறுப்பினர். ஆமை போகும் இடமெல்லாம் வால் பிடித்துக்கொண்டு போகிறவள். சபையில் மட்டும் இதுவரை வாய் திறந்ததில்லை.

நடந்தது இதுதான். விடுதிக்குப் போகும் கடைசிப் பேருந்தை நிறுத்தலாமா என்று விவாதம். பொதுக்கருத்து நேரம் வந்தது. வெளியிலிருந்து வருகிறவர்கள் மட்டுமே அப்போது பேசலாம். உறுப்பினர்கள் மூச்சுவிடக் கூடாது. கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவி ஒருத்தி பேசினாள். அந்தப் பேருந்து நின்றால் வேலையை விடவேண்டும் என்று சொல்லும்போதே மைக் அணைந்தது. அண்ணன் அதற்கு உயிர் கொடுப்பதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டது. மாணவி அழுதுகொண்டே போனாள். தீர்மானம் நிறைவேறியது.

முந்தைய கூட்டத்தில் ஒலி கரகரக்கிறது என்று அண்ணனைக் குறை சொன்னவளும் அந்த மாணவியே. பழிவாங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. இன்று மாலை அவரை நீக்கும் தீர்மானம் வருகிறது.

"நான் தொடவே இல்ல தம்பி," என்றார் அண்ணன்.

வயர் பழுதாக இருக்கும் என்றாள் இயற்பியல்காரி. மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும் என்றாள். யாரும் கேட்காமலே காரணங்களை அடுக்கினாள். மைக் அணைந்த கூட்டத்திலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூவரும் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தபோது வயர் நன்றாகத்தான் இருந்தது. ஆமை மேசை மேசையாகப் போய் மைக் பொத்தான்களை அழுத்தினார். ஒன்று எரிந்தால் முன்னது தானாக அணைந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தாமலிருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

பிறகு ஒலிப்பதிவைப் போடச் சொன்னார். மாணவியின் குரல் நின்றது. ஆனால் நிசப்தம் இல்லை. கிறீச் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து, அதுவும் நின்றது. ஆமை மின்விசிறிகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டார். சன்னலோர வரிசைக்கு மேலிருந்தது கிறீச்சிட்டது.

இயற்பியல்காரி விசிறியை அண்ணாந்து பார்த்தாள். ஒரு மைக் இன்னொன்றை அணைப்பதை எத்தனையோ முறை பார்த்தவள்தான். அன்று நடந்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

விசிறிக்கு எண்ணெய் கொண்டுவரச் சொல்லி அண்ணனை வெளியே அனுப்பினார் ஆமை.

"அங்க ஒரு மைக் திறந்ததாலதான் இங்க அணைஞ்சிருக்கு," என்றார். "அந்த நேரத்துல உறுப்பினர் யாரும் பொத்தானைத் தொடமாட்டாங்கன்னு அண்ணனுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதான் அவருக்கே தோணல."

"பஸ்ஸை எதிர்த்தவங்க யாராவது வேணும்னே..."

"அவங்களுக்குத்தான் ஜெயிக்கிற அளவுக்கு ஓட்டு இருந்துதே. விதியை எதுக்கு மீறணும்? பொறுக்க முடியாம, அந்தப் பொண்ணுக்காகப் பேச நினைச்சவங்கதான் அழுத்தியிருக்கணும். விசிறிச் சத்தம் கேட்டுது, பேச்சு கேக்கல. தைரியம் வராம அணைச்சுட்டாங்க." ஆமை அவளைப் பார்க்காமலே கேட்டார்: "அந்த வரிசையில இதுவரைக்கும் பேசாதவங்க யாரும்மா?"



"அவளுக்குத் துணையா ரெண்டு வார்த்தை சொல்லத்தாண்ணா நினைச்சேன்," என்றாள் அவள்.

"தெரியும். நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?"

மாலையில் அண்ணனை நீக்கும் தீர்மானத்தை வாசித்தார்கள். பொதுக்கருத்து நேரம் வந்ததும் அவள் தன் இருக்கையை விட்டு எழுந்து, வெளியாட்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். கடைசி வரிசையில் அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். மைக்கை அணைத்தது தான்தான் என்று இவள் சொன்னாள். குரல் முதல் வரிசைக்கே எட்டவில்லை.

"கேக்கல," என்றார் யாரோ.

கேட்டது காதில் ஹெட்போன் மாட்டியிருந்த அண்ணனுக்கு மட்டும்தான். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, ஒலிக் குமிழைத் திருகி, அவள் குரலைக் கூட்டினார்.