எதில் முளைத்தது?

கணவன் தளவாயின் குதிகாலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது முருகம்மாளின் துணியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தாள். மிளகளவு காளான் ஒன்று, வெள்ளைக் குடையோடு.

செங்கோட்டையில் லாரியில் தடி ஏற்றும்போது மரம் உருண்டு தளவாயின் இடுப்பில் விழுந்திருந்தது. சாரல் நின்றதும் எழுந்துவிடுவான் என்று வைத்தியர் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உலை வைத்தாள், குளித்தாள், படுத்தாள். ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சாரலோ நிற்பதாயில்லை. ஓட்டிலிருந்து ஓயாமல் சொட்டும் சத்தமும், காயாத துணியின் வாடையும், குற்றாலத்து மலையிலிருந்து மேலகரம் வரை இறங்கி வந்து சுவரில் ஊறும் ஈரமும் சேர்ந்து பகலையே ஒரு நீண்ட சாயங்காலமாக்கியிருந்தன. கட்டிலின் ஈரத்தில் வந்ததாக இருக்கும் என்று எண்ணிக் காளானைக் கிள்ளி எறிந்தாள். கிள்ளியது அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கணுக்கால் முழுவதும் முளைத்திருந்தது.

ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பேச்சித்தாயிடம் போனாள். அந்தத் தெருப் பெண்கள் காளானைப் பார்த்துப் பெயர் சொல்வதில்லை. முளைத்த இடத்தைக் கேட்டுத்தான் சொல்வார்கள்.

"எதுலட்டி முளைச்சுது? புத்துலன்னா குடு, நானே குழம்பு வச்சுத் தாரேன்."

"புத்துல இல்லக்கா."

"வைக்கப்போர்லயா?"

முருகம்மாள் முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். பேச்சித்தாய் ஒன்றைப் பிய்த்து முகர்ந்தாள்.

"மரத்துல பறிச்சியாக்கும். இத ஆக்கிப் போட்டுராதட்டி, படுத்துக் கிடக்க மனுசனுக்கு வயித்தாலயும் போவும்." சிரித்தாள். "அதுவும் பட்ட மரம். உள்ளுக்குள்ள இத்துப்போயிருக்கணும். உசிருள்ளதுல இது முளைக்காது."

"கொஞ்சமாச்சும் உசிரு இருந்தா?"

"உசிருல என்னட்டி கொஞ்சம்?"

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே மழை நனைத்த காட்டின் வாடை. பட்டை விரியும் சத்தம். பிறகு அவன் குரல்.

"ஏட்டி... காலு லேசாயிட்டு."

"அசையாதிய."

"எந்திரிக்கேன் பாரு."

எழுந்தான். அவள் வேண்டிக்கொண்டபடியே. ஒரு கை கட்டிலில். ஒரு கை சுவரில். முழங்காலுக்குக் கீழே ஈர மரத்தூள் உதிர்ந்தது. நின்றான். இமைக்கவில்லை.

"தோளக் குடு."

கொடுத்தாள்.

கை தோளில் விழுந்தது. எடையே இல்லை. அவன் விரல்நுனிகளிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் அவள் ரவிக்கையைத் துளைத்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். வலிக்கவில்லை.