கடைசி ஆளின் மணி

பிஷன்தாஸின் கால் நின்ற பிறகும் மணி இன்னொரு தடவை அடித்தது.

குனிந்து பார்த்தார். கணுக்காலில் கட்டிய புது வெண்கல மணி, சிவப்புக் கயிற்றில் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்ன லாலாஜி, கனமா இருக்கா?" என்றான் குகைக் காவலன் மங்கத்ராம். "பழைய மணி சின்னது. போன வருஷ மழையிலே எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான். சாமி மணியைத் திருடறவன் உருப்படுவானா?"

உருப்படமாட்டான் என்று பிஷன்தாஸ் ஒப்புக்கொண்டார்.

மாதாவின் குகையில் நிமிர்ந்து நடக்க இடமில்லை. கீழ்வாயில் நுழைந்து, வயிறு தேய ஊர்ந்து, மேல்வாயில் வெளியேற வேண்டும். இருட்டில் முன்னால் போகிறவரின் குதிகாலைத் தொட்டுக்கொண்டே போவது வழக்கம். கடைசி ஆள் காலில் மணி. அது மேல்வாயைத் தாண்டினால் உள்ளே யாரும் இல்லை என்று பொருள். காவலன் கதவைப் பூட்டிவிடுவான். பொய் சொன்னவனைக் குகை வெளியே விடாது என்பார்கள். ஒல்லியான பாவிகள் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவதும், குண்டான புண்ணியவான்கள் சிக்கிக்கொள்வதும் உண்டு. அதைப் பற்றி மலையில் யாரும் பேசுவதில்லை.

அன்று யாத்திரையின் கடைசி நாள். இனிப் பனி உருகினால்தான் கதவு திறக்கும்.

"நீ முன்னால போம்மா," என்றார் தம்பி மனைவி பிம்லாவிடம். அவள் முக்காடு அசைந்தது. ஜேட்ஜி என்று அழைக்கும் கணவனின் அண்ணன் முன்னால் அவள் முகம் காட்டியதில்லை. ஆனால் ஒரு வருஷமாகக் கண்ணாடி வளையலைக் கழற்றவும் மறுத்துவிட்டாள். ஆற்றோடு போனதாகச் சொல்லப்பட்ட கணவனின் உடல் கிடைக்காமல் விதவையாக மாட்டேன் என்றாள். "குகைக்குள்ளே ஊர்ந்து வந்து, அவர் ஆத்துல போனாருங்கற அதே பேச்சைச் சொல்லுங்க, ஜேட்ஜி. அப்புறம் வெள்ளை கட்டிக்கறேன், கடையிலே பங்கும் கேக்கமாட்டேன்."

பின்னால் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். தன் குதிகாலில் இன்னொரு கை படுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசி இடத்தை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

போன வருஷம், மழைக்குப் பயந்து மங்கத்ராம் டீக்கடையில் ஒதுங்கியிருந்தபோது, அண்ணனும் தம்பியும் தாங்களே மணியை எடுத்துக் கட்டிக்கொண்டு நுழைந்தார்கள். தம்பி கிர்தாரி கடைசி. நடுக்குகையில் வெள்ளம் வந்தது. கிர்தாரி அண்ணனின் குதிகாலைப் பற்றிக்கொண்டான். பிஷன்தாஸ் உதைத்தார். பிடி விடவில்லை. இன்னொரு உதை. பிறகு பக்கத்துப் பிளவுக்குள் அந்த மணி இறங்கிக்கொண்டே போனது. நாங்கள் குகைக்கே போகவில்லை, தம்பி ஆற்றில் வழுக்கி விழுந்தான் என்று ஊரில் சொன்னார். ஊர் ஆற்றைத் தேடியது.

"தொப்பையை இங்கேயே வச்சுட்டுப் போங்க லாலாஜி, நான் பாத்துக்கறேன்!" என்று சிரித்து, மங்கத்ராம் கீழ்வாயைப் பூட்டிவிட்டு மேல்வாய்க்கு ஏறிப் போனான்.

ஈரப் பாறையின் வாடையும், கருகிய நெய்யின் புகையும், எப்போதோ வந்துபோன வௌவால்களின் நாற்றமும் மூக்கில் அடைத்துக்கொள்ள, பிம்லாவின் குதிகாலை விரல் நுனியால் தேடித் தேடித் தொட்டபடி அவர் ஊர்ந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் மணி ஒலித்தது. ஒவ்வொரு ஒலிக்குப் பின்னும், கொஞ்சம் தாமதித்து, இன்னொன்று.

"ஜேட்ஜி, மணியை ஏன் ரெண்டு தடவை ஆட்டறீங்க?"

"எதிரொலிம்மா. போ."

"எதிரொலி இவ்வளவு சன்னமாவா வரும்?"

குதிகால் அவர் விரலை விட்டு வேகமாக விலகியது. வளையல் ஓசை மேலே ஏறி மறைந்தது.

பிளவைத் தாண்டினார். அவர் அசையவில்லை. மணி ஒலித்தது.

குதிகாலில் ஒரு கை. ஜில்லென்று. பிடிக்கவில்லை. தொட்டது. வழக்கப்படி, மரியாதையாக.

ஊர்ந்தார். முழங்கை கிழிந்தது. வெளிச்சம். மேல்வாய். எட்டும் தூரம்.

"அங்கேயே நில்லுங்க, ஜேட்ஜி." பிம்லாவின் குரல். "சொல்லிட்டு வாங்க. உங்க பின்னால யாரு?"

சொல்லிவிடலாம். ஒரு பெயர்தான். ஒரு வருஷமாகப் பழகிய நாக்கு முந்திக்கொண்டது.

"யாரும் இல்ல."

கை இறுகியது. ஈரக் கம்பளி வாடை. முதுகில் ஒரு முழங்கால். இன்னொன்று. சின்ன மணி அவர் தண்டுவடத்தில் தட்டித் தட்டி ஏறியது. பிடரியைக் கடந்தது. ஒரு பாதம் அவர் வாயைச் சேற்றில் அழுத்தி, உந்தி, வெளியே போனது.

"அடடே, உள்ளே போய் இளைச்சே போயிட்டீங்களே லாலாஜி!" மங்கத்ராமின் சிரிப்பு. "ஏம்மா, உள்ள இன்னும் யாராச்சும்?"

"யாரும் இல்ல."

பிஷன்தாஸ் காலை உதறினார். வெண்கல மணி அலறியது.

"மணி கேக்குதே?"

"எதிரொலி, மங்கத் அண்ணே. மூடுங்க."

இரும்புக் கதவு உரசியது. வெளிச்சம் கை அகலம். விரல் அகலம். அந்த இடுக்கில், முக்காட்டை முழுதாக விலக்கிவிட்ட பிம்லா, வளையல் குலுங்கக் குனிந்து, சேறு வழியும் ஒரு காலைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலில் சதை இல்லை. அவள் அவசரப்படாமல், விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.